கூர்ப்புப் பாடத்தை என்ர பிள்ளை படிக்கலாமோ ரீச்சர்?

முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. பேர், ஊர் போட வேண்டாம் எண்டு கேட்டவ, அதால கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித்தான் போடுறன். கூர்ப்பு எண்டது பரிணாமம், உயிருகள் தலைமுறை தலைமுறையா மாறி வந்ததைச் சொல்ற பாடம்.

"ரீச்சர், மகள் ஏஎல் பயோ, வாற சோதினை எடுக்கிறாள். 2010ல மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலுக்க கிடந்த நேரம் எங்களை வந்து பாத்தது ஒரு சபை ஆக்கள்தான், அண்டையில இருந்து நாங்கள் அங்கதான் போறம். மாமி மட்டும் இன்னும் வற்றாப்பளை அம்மனை விடேல்ல. போன மாசம் மகள் கூர்ப்புப் பாடத்தைப் பற்றி பாஸ்டரிட்டக் கேட்டிருக்கிறாள், அவர் அது சாத்தானின்ர படிப்பு, விசுவாசி அதை எழுதினா கடவுளை மறுதலிச்ச மாதிரி எண்டு சொல்லிப்போட்டார். இப்ப அவள் அந்த அலகைத் தொடுறேல்ல. புத்தகத்தில அந்தப் பக்கங்களை கிளிப் போட்டு மூடி வச்சிருக்கிறாள், ராவில அழுறாள். ரியூசன் சேர் சொல்றார் மாக்ஸுக்காக எழுது, எழுதிப்போட்டு மறந்திடு எண்டு. மாமி சொல்றா உதெல்லாம் எங்கட சிவபுராணத்தில எப்பவோ இருக்கு, உதுக்குப் போய் ஏன் அழுறாய் எண்டு. நான் எட்டாம் வகுப்போட நிண்டனான். எழுதினா விசுவாசம் போயிடுமோ, எழுதாட்டி கம்பஸ் போயிடுமோ? ஆர் சொல்றதைக் கேக்கிறது?"

அன்புத் தங்கச்சி,

அந்தக் கிளிப் போட்ட கதையை வாசிச்ச உடன எனக்கு நெஞ்சுக்க என்னவோ செய்தது. 24 வருசமா பயோ படிப்பிக்கிறன். புத்தகமே இல்லாத பிள்ளையளைப் பாத்திருக்கிறன், மழையில நனைஞ்ச கொப்பியை அடுப்புக் கரையில காயவச்சுப் படிச்ச பிள்ளையளைப் பாத்திருக்கிறன், ஆனா புத்தகத்தில சில பக்கத்துக்குப் பயந்து அதை மூடி வச்ச பிள்ளையை இப்பத்தான் கேள்விப்படுறன். பதிலை முதல்லயே சொல்லிடுறன், இல்லாட்டி நீங்கள் கடைசி வரைக்கும் பயந்து பயந்துதான் வாசிப்பியள். படிக்கலாம். எழுதலாம். வடிவா விளங்கிப் படிச்சு, உண்மை எண்டு தெரிஞ்சு எழுத வேணும். அந்த ரியூசன் சேர் சொன்ன "எழுதிப்போட்டு மறந்திடு" எண்ட கதையை மட்டும் தயவு செய்து வீட்டுக்க எடுக்காதேங்கோ. மூண்டு பேர் சொன்னதுக்குள்ளயும் எனக்குக் கனக்கப் பயம் அதிலதான்.

ஏனெண்டா அதை நானும் ஒருக்கா சொன்னனான். 2009, செட்டிகுளம் முகாம், தறப்பாளுக்குக் கீழ ஏஎல் பிள்ளையள் கொஞ்சப் பேரை இருத்தி வச்சுப் படிப்பிச்சுக்கொண்டிருந்தம். ஒரு பெடியன் எழும்பி, ரீச்சர் உது உண்மை எண்டா அப்ப கடவுள் எங்க எண்டு கேட்டான். அந்த வருசம் அவன் ஆர் ஆரை இழந்தவன் எண்டு எனக்குத் தெரியும், அதால வாய் வரேல்ல, சிலபஸில இருக்கிறதை எழுது தம்பி மற்றதை விடு எண்டிட்டன். அதுக்குப் பிறகு சோதினை மட்டும் அவன் என்னட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்ல. நல்லாத்தான் பாஸ் பண்ணினவன், ஆனா அண்டைக்கு நான் அவன்ர வாயை அடைச்சுப்போட்டன் எண்டது இண்டைக்கும் எனக்குள்ள கிடந்து உறுத்துது. உங்கட மகளுக்கும் அப்பிடி ஒருத்தர் செய்யக்கூடாது எண்டுதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

எட்டாம் வகுப்போட நிண்டனான் எண்டு எழுதியிருக்கிறியள். வயலுக்க இறங்கிப் புல்லுப் பிடுங்கியிருப்பியள்தானே, அது காணும். நெல்லுக்க நெல்லு மாதிரியே ஒரு புல்லு நிக்கும், கதிர் தள்ளுற வரைக்கும் புது ஆக்களுக்குப் பிடிபடாது, நெல்லெண்டு விட்டிடுவினம். பழகின பொம்பிளையள் இலையும் தண்டும் சேருற இடத்தை விரிச்சுப் பாப்பினம், நெல்லெண்டா அதில சின்ன நாக்கு மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும், புல்லெண்டா அந்த இடம் வெறுமையாக் கிடக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ, அந்தப் புல்லு ஏன் நெல்லின்ர கோலத்தில நிக்குது? அதுக்குக் கண்ணும் இல்லை மூளையும் இல்லை, நெல்லைப் பாத்துப் பழகியிருக்க ஏலாது. ஆதியில அந்தப் புல்லுக்குள்ள சிலது நிலத்தோட படர்ந்து கிடந்தது, சிலதின்ர அடித்தண்டு சிவப்பா இருந்தது, ஒண்டிரண்டு தற்செயலா நெல்லு மாதிரி நிமிர்ந்து பச்சையா நிண்டது. வயலுக்க இறங்கின ஆக்கள் வித்தியாசமாத் தெரிஞ்சதைப் பிடுங்கி வரம்பில எறிஞ்சினம், நெல்லு மாதிரி நிண்டது கண்ணுக்குத் தப்பி விதை கொட்டினது, அடுத்த போகம் அந்த விதை முளைச்சு அதுக்குள்ளயும் இன்னும் கூட நெல்லு மாதிரி நிண்டதுதான் தப்பிச்சுது, இப்பிடி ஒவ்வொரு போகமும் எங்கட பாட்டிமாரின்ர கையே தெரியாத்தனமா அந்தப் புல்லை நெல்லாக்கிக்கொண்டு வந்திருக்கு. சீனாவில அந்தப் புல்லின்ர டீஎன்ஏயைப் பிரிச்சுப் பாத்து, அங்க இந்த மாற்றம் ஆயிரம் வருசமளவுக்கு முந்தி நடந்திருக்கு எண்டு கண்டு பிடிச்சிருக்கினம். வவிலோவ் எண்ட ரஷ்ய விஞ்ஞானி போன நூற்றாண்டிலயே வயல் களையளில இந்த விசயத்தைக் கவனிச்சு எழுதினவர்.

இதுதான் தங்கச்சி இயற்கைத் தேர்வு. பிள்ளையள் ஒண்டுக்கொண்டு வித்தியாசமாப் பிறக்கும், அந்த வித்தியாசம் தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும், எல்லாம் தப்பிறேல்ல, இருக்கிற இடத்துக்குத் தோதானது கூடத் தப்பிப் பெருகும். வயலில ஆக்களின்ர கை செய்ததை காட்டில வறட்சியும் நோயும் பசியும் செய்யுது. டார்வின் 1859ல புத்தகமாப் போட்டது இதைத்தான், அந்தப் புத்தகத்துக்கு முந்தியே வொலஸ் எண்டவரும் தனியா யோசிச்சு அதையே கண்டு பிடிச்சு, 1858ல ரெண்டு பேரின்ர எழுத்தையும் லண்டனில ஒண்டா வாசிச்சவை. இதில கடவுள் இருக்கிறார் எண்டும் இல்லை, இல்லை எண்டும் இல்லை, அந்தக் கதையே இல்லை.

இன்னொண்டு சொல்றன், இது வன்னி ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். மலேரியா. 90களில இஞ்ச காய்ச்சல் வராத வீடு எது? முழு இலங்கையிலயும் 1963ல வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா எண்டு பதிஞ்சவை, அவ்வளவுக்கு டீடீரி எண்ட நுளம்பு மருந்து வேலை செய்தது. மருந்தடிக்கிறதைக் குறைக்க 60களின்ர கடைசியில லட்சக்கணக்கில திரும்பி வந்தது, சரி எண்டு திரும்ப அடிக்க வெளிக்கிட்டா பேந்து டீடீரிக்கு நுளம்பு சாகேல்ல. டீடீரியைத் தாங்குற நுளம்புகள்தான் தப்பிப் பிள்ளை பெத்துப் பெருகியிருந்தது, அதால 70களில மலத்தியன் எண்ட வேற மருந்துக்கு மாற வேண்டி வந்தது. நாங்கள் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு விழுங்கின அந்தக் கசப்புக் குளோரோகுயின் குளிசைக்கும் பிறகு ஒரு வகை மலேரியாக் கிருமி மசியாமல் போனது இதே கதைதான். வயலில அறக்கொட்டிக்கு ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிச்சா கொஞ்சக் காலத்தில அது வேலை செய்யாமப் போறதும் இதுதான். 2016ல இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது, அதுக்குப் பின்னால நுளம்பும் கிருமியும் எப்பிடி மாறும் எண்டு விளங்கி, மருந்தை மாத்தி மாத்தி, ஒவ்வொரு நோயாளியாத் தேடிப் பிடிச்ச ஆக்களின்ர உழைப்பு இருக்கு.

இப்ப உங்கட மகள் மெடிசின் கிடைச்சு டொக்டரா வாறாள் எண்டு வையுங்கோவன். கசநோய்க்காரர் ஒருத்தர், ரெண்டு மாசம் குளிசை போட்டு சுகமா இருக்கு எண்டு விட்டிட்டு வாறார். உள்ளுக்க தப்பின கிருமி மருந்துக்கு அசையாத கிருமி ஆகிடலாம் எண்டு அந்த நேரம் அவளுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். மாக்ஸுக்கு எழுதிப்போட்டு மறந்த பிள்ளைக்கு அது எங்கால வரும்? அதுக்காகத்தான் அந்தப் பாடத்தை நம்பாமல் எழுதுறதை நான் ஏற்கமாட்டன் எண்டு சொல்றன். பிள்ளை தான் பொய் எண்டு நினைக்கிறதை மூண்டு மணித்தியாலம் இருந்து உண்மை மாதிரி எழுதிக் குடுத்துப்போட்டு வீட்ட வந்து ஜெபத்துக்கு முழங்கால் போடுறது, அது விசுவாசத்துக்கும் நல்லம் இல்லை, படிப்புக்கும் நல்லம் இல்லை.

கூர்ப்பு எண்டா கன ஆக்கள் உடன சொல்ற குரங்குக் கதைக்கு வாறன். குரங்கில இருந்து மனுசன் வந்தவன் எண்டு பாடத்தில இல்லை, பாஸ்டரும் பிழையாத்தான் கேள்விப்பட்டிருப்பார், கன ரீச்சர்மாரே அப்பிடித்தான் சொல்லிக் குடுக்கினம், அது எங்கட பிழை. உங்கட ஒண்டவிட்ட அக்கா உங்களைப் பெறேல்ல, ஆனா உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே அப்பம்மா. அது மாதிரி, இண்டைக்கு இருக்கிற சிம்பன்சியும் நாங்களும் 60, 70 லட்சம் வருசத்துக்கு முந்தி இருந்த ஒரே முன்னோரில இருந்து பிரிஞ்சு வந்தனாங்கள், அந்த முன்னோர் சிம்பன்சியும் இல்லை மனுசனும் இல்லை. அதுக்கு என்ன சாட்சி எண்டு மகள் கேட்டா இதைச் சொல்லுங்கோ, சிம்பன்சிக்கு 48 நிறமூர்த்தம் (குரோமோசோம், டீஎன்ஏ சுருண்டு கிடக்கிற இழை), எங்களுக்கு 46. ரெண்டு எங்க போச்சு? எங்கட இரண்டாம் நம்பர் நிறமூர்த்தம் அவைக்கு ரெண்டா இருக்கிறது, எங்களில ஒண்டா ஒட்டிப்போச்சு, ரெண்டு கயிறை முடிஞ்சா நடுவில முடிச்சு இருக்கிற மாதிரி, நிறமூர்த்தத்தின்ர நுனியில மட்டும் இருக்க வேண்டிய டீஎன்ஏ எழுத்துக்கள் எங்கட அந்த நிறமூர்த்தத்தின்ர நடுவுக்குள்ள கிடக்கு. நான் இதைப் படிப்பிக்கிற ஒவ்வொரு வருசமும் வகுப்பு அப்பிடியே அமைதியாகிடும்.

இஞ்சத்தைய உதாரணம் வேணுமெண்டா மன்னார்க் கடலில இருக்கிற ஆவுளியா எண்ட கடல்பசு. கடலுக்க புல்லுத் தின்னுற அந்தச் சீவனுக்கு இண்டைக்குத் தரையில உயிரோட இருக்கிறதில கிட்டின சொந்தக்காரர் ஆர் தெரியுமோ, எங்கட வேலியை முறிச்சுக்கொண்டு வாற யானை. ரெண்டுக்கும் பால்முலை மாடு ஆடு மாதிரிப் பின்னுக்கு இல்லை, முன்னுக்கு நெஞ்சடியில. ஆவுளியாவின்ர துடுப்பைப் பிரிச்சா உள்ளுக்க விரல் எலும்பு இருக்கு. கடலில நீந்துறதுக்கு விரல் எதுக்கு? தரையில நடந்த முன்னோரின்ர மிச்சம் அது.

அடுத்தது, இதை மகளுக்குப் பிரிச்சு விளங்கப்படுத்துங்கோ, உயிருகள் எப்பிடி மாறினது எண்டது ஒரு கேள்வி, முதல் உயிர் எப்பிடி வந்தது எண்டது இன்னொரு கேள்வி. மூண்டாம் அலகில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வரும், ஆனா ரெண்டுக்கும் உள்ள சாட்சியின்ர பலம் ஒண்டில்லை. முதலாவதில விஞ்ஞானிகளுக்குள்ள சந்தேகம் இல்லை. ரெண்டாவதில இன்னும் முழு விடை கிடைக்கேல்ல, அதை ஒளிக்காமல் சொல்றதுதான் விஞ்ஞானம். பூமிக்கு 454 கோடி வருசமளவு, 350 கோடி வருசமளவில வாழ்ந்த நுண்ணுயிரின்ர உயிர்ச்சுவடு அவுஸ்திரேலியாக் கல்லில இருக்கு, அந்த இடைவெளிக்குள்ள எப்பிடியோ உயிர் வந்திருக்கு. 1953ல மில்லர் எண்ட இளம் ஆராய்ச்சி மாணவர் சிக்காகோவில ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள தண்ணி, மெதேன், அமோனியா, ஐதரசன் விட்டு மின்னல் மாதிரி மின்பொறி பாய்ச்ச, ஒரு கிழமையில அதுக்குள்ள புரதத்தைக் கட்டுற அமினோ அமிலம் வந்திருந்தது. அந்தக் காலத்துக் காத்து சரியா அப்பிடித்தான் இருந்தது எண்டு இப்ப ஆக்கள் அடிச்சுச் சொல்றேல்ல, ஆனா உயிருக்கு வேண்டிய செங்கல்லு தன்பாட்டில வரும் எண்டது நிரூபிச்சாச்சு. செங்கல்லில இருந்து வீடு எப்பிடி எழும்பினது எண்டதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கினம்.

அந்தத் தேடலில பெரிய ஆள் ஒருத்தர் எங்கட நாட்டுக்காரர், இதை ஏன் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் பெரிசாச் சொல்றேல்ல எண்டு எனக்குக் கவலை. சிறில் பொன்னம்பெரும, 1923ல காலியில பிறந்தவர். முதல் பட்டம் என்னத்தில தெரியுமோ, சென்னைப் பல்கலைக்கழகத்தில தத்துவம். பிறகுதான் லண்டனுக்குப் போய் இரசாயனம் படிச்சு நாசாவில உயிரின்ர தோற்றத்தை ஆராய்ஞ்சவர். 1969ல அவுஸ்திரேலியாவில மேச்சிசன் எண்ட ஊரில விண்கல்லு விழுந்தது, அதுக்குள்ள அமினோ அமிலம் இருக்கு, அது பூமியில ஒட்டினது இல்லை, கல்லோடயே வந்தது எண்டு காட்டினது அவரின்ர குழு. தத்துவத்தில தொடங்கி விண்கல்லில போய் நிண்ட அந்த மனுசனை உங்கட மகளுக்கு அறிமுகப்படுத்துங்கோ, அவளும் இப்ப அந்த ரெண்டுக்கும் நடுவிலதானே நிக்கிறாள்.

ஆனா ஒண்டு, பாத்தியளோ விஞ்ஞானத்துக்கு முதல் உயிர் தெரியாது, அப்ப அதைச் செய்தது கடவுள்தான் எண்டு சொல்லி அவளைச் சமாதானப்படுத்தாதேங்கோ. எங்களுக்குத் தெரியாத இடத்தில கடவுளைக் கொண்டுபோய் இருத்தினா, நாளைக்கு ஒரு பிள்ளை அந்த இடத்தைக் கண்டு பிடிச்சா அவரை எழுப்பி வேற இடத்துக்கு அனுப்ப வேண்டி வரும். மின்னலையும் அம்மை நோயையும் வச்சு எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்துதான் பழகினவை.

பாஸ்டர் 6000 வருசக் கதையும் சொல்லியிருப்பார் எண்டு நினைக்கிறன், நீங்கள் எழுதேல்ல, ஆனா ரெண்டும் சேந்துதான் வாறது. வேதாகமத்தில அந்தக் கணக்கு எங்கயும் எழுதியில்லை. 1650ல அஷர் எண்ட அயர்லாந்துப் பேராயர் வேதாகமத்தில வாற ஆக்களின்ர வயசுகளைக் கூட்டி, கிறிஸ்துவுக்கு முன் 4004ல உலகம் படைச்சது எண்டு கணக்குப் போட்டவர், அந்தக் கணக்கு அவரோடது. வவுனியாப் பக்கம் நிலத்துக்குக் கீழ கிடக்கிற கல்லுக்குப் புவியியல்காரர் வன்னித் தொகுதி எண்டே பேர் வச்சிருக்கினம், அது 50 கோடி வருசத்துக்கும் மேலானது. இரணைமடு எண்டா எங்களுக்குக் குளம், தொல்லியல் ஆக்களுக்கு அது ஒரு செம்மண் சரளைப் படிவின்ர பேர், இரணைமடுப் படிவு, அதுக்குள்ள ஆதி மனுசன்ர கல்லாயுதம் இருக்கு. அதே படிவு தெற்குக் கரையிலயும் இருக்கு, புந்தலப் பக்கம் அதுக்குள்ள எடுத்த ஆயுதங்களுக்கு லட்சம் வருசத்துக்கு மேல எண்டு தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணக்கிட்டவர். நாங்கள் குளிக்கிற குளத்தின்ர பேரே 6000 வருசத்துக்குள்ள அடங்காது தங்கச்சி.

சரி, அப்ப விசுவாசம்? நீங்கள் உண்மையாக் கேட்டது அதைத்தானே.

நான் சைவம். காலமை விளக்குக் கொழுத்தித் திருநீறு பூசிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போறனான், போய்க் கூர்ப்பும் படிப்பிக்கிறன், ஒரு நாளும் எனக்கு ரெண்டும் இடிபடேல்ல. ஆனா என்ர கதை உங்களுக்கு உதவாது, உங்களுக்குக் கிறிஸ்தவ ஆக்களைத்தான் காட்ட வேணும். மனுசன்ர முழு டீஎன்ஏயையும் வாசிச்ச அந்தப் பெரிய திட்டம் 2003ல முடிஞ்சது, அதுக்குத் தலைமை தாங்கின பிரான்சிஸ் கொலின்ஸ் ஆழமான விசுவாசி, பாப்பரசரின்ர சபை கூட இல்லை, உங்களை மாதிரி சுவிசேஷ சபைப் பக்கம். அவர் முதல் கடவுளே இல்லை எண்டு இருந்தவர், டொக்டருக்குப் படிச்சு நோயாளியளின்ர கட்டிலடியில நிண்ட காலத்திலதான், 27 வயசில, விசுவாசத்துக்கு வந்தவர். கூர்ப்பு உண்மை எண்டு வெளிப்படையாச் சொல்றவர். கத்தோலிக்கத்தில 1950ல 12ஆம் பயஸ் பாப்பரசர் இதை ஆராயலாம் எண்டவர், 1996ல இரண்டாம் ஜோன் போல் இது வெறும் ஊகத்துக்கு மேல எண்டே எழுதினவர். கூர்ப்பு இல்லாமல் உயிரியலில ஒண்டுக்கும் அர்த்தம் இல்லை எண்டு 1973ல எழுதின டொப்சான்ஸ்கி எண்ட உயிரியல் விஞ்ஞானி ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர். பட்டாணியை வச்சுப் பரம்பரையைக் கண்டு பிடிச்ச மெண்டல் மடத்தில இருந்த துறவி, அவரின்ர பாடத்துக்கு மகள் கிளிப் போடேல்லத்தானே? 1600 வருசத்துக்கு முந்தியே அகுஸ்தீனார், ஆதியாகமத்தை வச்சு வானம் பூமியைப் பற்றிப் பிழையாக் கதைச்சா வெளி ஆக்கள் விசுவாசத்தையே நம்பமாட்டினம் எண்டு கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்.

மாமியின்ர சிவபுராணக் கதையையும் விடேலாது. புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி எண்டு பாடுறது எனக்கும் கண் கலங்குற வரிதான். ஆனா அது ஒரு உயிர் பிறந்து பிறந்து இளைச்சுக் கடைசியில இறைவன்ர காலைப் பிடிக்கிற கதை. கூர்ப்பில ஒரு தனி உயிர் ஒண்டாவும் மாறுறேல்ல, கூட்டம்தான் தலைமுறை தலைமுறையா மாறுறது, அதுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எண்டும் ஒண்டில்லை. மாமிக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை, அவ பாடட்டும். மகள் சோதினையில அதை எழுதிப்போடக் கூடாது, அவ்வளவுதான். எங்கட ஆக்கள் எல்லாத்தையும் அப்பவே நாங்கள் சொன்னனாங்கள் எண்டு உரிமை கோருறதும் பாடத்துக்கு ஒரு கிளிப் போடுறதுதான், ஏனெண்டா அதுக்குப் பிறகு ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கிறேல்ல.

டார்வினைப் பற்றியும் அவளுக்குச் சொல்லுங்கோ, அவர் ஏதோ கடவுளோட சண்டைக்கு வந்த ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பாள். கேம்பிரிட்ஜில அவர் படிக்கப் போனது போதகர் ஆகுறதுக்கு. பிறகு விசுவாசம் மெல்ல மெல்லக் குறைஞ்சது உண்மை, அதை மறைச்சா நான் பொய்க்காரி. ஆனா அதுக்கு அவரின்ர ஆராய்ச்சி மட்டும் காரணம் இல்லை. 1851ல அவரின்ர மகள் ஆனி 10 வயசில நோய் வந்து செத்துப்போனாள், அவளின்ர சாவுதான் அவரிட்ட மிஞ்சியிருந்த விசுவாசத்தை உடைச்சது எண்டு வாழ்க்கை வரலாறு எழுதின கனபேர் சொல்லினம். எங்கட மண்ணில இருந்துகொண்டு அது விளங்காத ஆக்கள் ஆர் இருக்கினம்? 2009க்குப் பிறகு கோயிலே வேண்டாம் எண்டு விட்ட ஆக்களையும் எனக்குத் தெரியும், அதே சாவுக்குப் பிறகுதான் கடவுளை இறுக்கிப் பிடிச்ச ஆக்களையும் தெரியும், ரெண்டு பேரிலயும் ஒருத்தரும் டார்வினை வாசிச்சு முடிவெடுக்கேல்ல. டார்வின்ர மனுசி எம்மா கடைசி வரைக்கும் விசுவாசி. கலியாணம் கட்டின புதுசில, உங்கட ஆராய்ச்சி உங்களை விசுவாசத்தில இருந்து தூரக் கொண்டு போயிடுமோ எண்டு பயமா இருக்கு எண்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினவ. உங்கட கடிதம் மாதிரித்தான். அவர் அதைக் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருந்தவர், அதின்ர ஓரத்தில, நான் செத்த பிறகு தெரிஞ்சுகொள், எத்தினையோ தரம் இதை முத்தி அழுதிருக்கிறன் எண்ட மாதிரி எழுதி வச்சிட்டுப் போனவர். 1839ல கட்டி 1882ல அவர் சாகும் மட்டும் 43 வருசம் ரெண்டு பேரும் ஒரு வீட்டில, ஒரு மேசையில. உங்கட வீட்டிலயும் மாமி வைகாசியில பொங்கலுக்கு வெளிக்கிட, நீங்கள் ஞாயிறில சபைக்கு வெளிக்கிட, ஒரே கிணத்தில தண்ணி அள்ளித்தானே இருக்கிறியள். மகளும் அதுக்குள்ள இருக்கலாம்.

அவளின்ர விசுவாசம் ஒரு நாளும் ஆடாது எண்டு நான் எழுதித் தரமாட்டன், அது அவளுக்கும் கடவுளுக்கும் இடையில. ஆனா பொத்திப் பொத்தி வச்ச பிள்ளையள் கம்பஸ் போய் முதல் வருசத்திலயே, எனக்கு வீட்டில பொய்தானே சொன்னவை எண்டு எல்லாத்தையும் ஒண்டா வீசிப்போட்டு நிக்கிறதை நான் கண்டிருக்கிறன். கேட்டுப் படிச்ச பிள்ளையள் அப்பிடி முறியிறது குறைவு.

பாஸ்டரோட சண்டைக்குப் போகாதேங்கோ. கொட்டிலுக்க கிடந்த உங்களை வந்து பாத்த மனுசன், அந்த நன்றி சரியானது, அதை விடச் சொல்லி நான் கேக்கமாட்டன். அவருக்குத் தெரிஞ்ச விசயத்தில அவரைக் கேளுங்கோ, ஜெபம், துக்கம், குடும்பப் பிரச்சினை, அதில அவர் எனக்கு மேல. மலேரியாக் கிருமி எப்பிடி மாறினது எண்டதில அவரும் எங்களிட்டத்தான் கேக்க வேணும். மகளுக்குக் காய்ச்சல் எண்டா ஜெபிச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்துறியள்தானே, அங்க குடுக்கிற மருந்து இந்தப் பாடத்தைப் படிச்ச ஆக்கள் செய்தது எண்டு மரியாதையா, மெதுவாச் சொல்லிப் பாருங்கோ. அவர் ஒத்துக்கொள்ளாட்டியும் பரவாயில்லை.

சோதினை விசயம் ஒண்டு, இதை ராவைக்கே அவளிட்டச் சொல்லுங்கோ. மூண்டாம் அலகில கூர்ப்பு மட்டும் இல்லை, உயிரினப் பாகுபாடும் அதுக்குள்ளதான், இராச்சியம் கணம் எல்லாம். கிளிப் போட்டு மூடினதில அதுவும் சேந்து மூடுப்பட்டிருக்கும். 50 எம்சிகியூவில அதில இருந்து நிச்சயமா வரும், அமைப்புக் கட்டுரையிலயும் வரலாம், அதில நாலு கேள்வியும் கட்டாயம், தெரிவு இல்லை. முதல்ல பாகுபாட்டைத் தொடங்கச் சொல்லுங்கோ, அதில அவளுக்குப் பயம் இராது, பிறகு இயற்கைத் தேர்வு, அதை வாசிக்க முந்தி உங்களோட ஒருக்கா வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புல்லைப் பிடுங்கி இலையடியை விரிச்சுக் காட்டுங்கோ. அதை நீங்கள்தான் காட்ட வேணும், என்னை விட உங்களுக்குத்தான் அது வடிவாத் தெரியும். உயிரின்ர தோற்றம் கடைசியா.

நான் சனிக்கிழமையளில முள்ளியவளைக்கு வாறனான், பின்னேரம் வகுப்பு முடிய நேரம் இருக்கு, கூட்டிக்கொண்டு வாங்கோ. காசு கதை வேண்டாம். அவளின்ர கேள்வி எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வரட்டும், பாஸ்டரிட்டக் கேட்ட அந்தக் கேள்வியையும் முதல் பக்கத்தில எழுதட்டும். கிளிப்பை நீங்கள் கழட்டாதேங்கோ, அவளே கழட்டட்டும்.